தீயணைப்பு வீரர் நினைவுச் சின்னத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

தீயணைப்பு நிலைய வளாகத்தில், கொடிக்கம்பத்தை ஒட்டி, ஒரு தூணோ கல்லோ நிற்கும். ஏப்ரல் 14 வந்தால் மலர்வளையம் வைப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் பெயின்ட் அடிப்பார்கள். அதை நாட்டியது எந்த ஆண்டு, காசு கொடுத்தது யார், பெயர்களை முடிவு செய்தது யார் என்று கேட்டால் நிலையத்தில் இருப்பவர்களுக்கே தெரிந்திருக்காது. மாற்றலில் வந்து போகிறவர்கள் அவர்கள். அந்த விவரங்களைத் தேடி எடுத்து, நம்பத்தக்க வரலாறாக எழுத நினைப்பவர்களுக்கு இந்த வழிமுறை.

விளக்கத்துக்கு மும்பையை எடுத்துக்கொள்வோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. அதில் மாண்ட தீயணைப்புப் படையினருக்கு, பைக்குல்லாவில் உள்ள மும்பை தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. நாடு முழுக்க ஏப்ரல் 14-ஐத் தீயணைப்புப் பணி நாளாகவும், 20 வரை தீயணைப்பு வாரமாகவும் கடைப்பிடிப்பது இதையொட்டித்தான். ஆகவே உங்கள் ஊர்க் கல்லில் பெயர் எதுவும் இல்லாமல் ‘14.4.1944’ என்று மட்டும் இருந்தால், அது மும்பை வீரர்களுக்காக வைத்த கல். அன்றைக்கு உங்கள் ஊரிலும் பெரிய தீ விபத்து நடந்ததாக எழுதிவிடக் கூடாது. உள்ளூர் விழா மலர்களில் அடிக்கடி நேர்கிற பிழை இது.

தீயின் கதை வேறு, கல்லின் கதை வேறு

வேலையைத் தொடங்குமுன் நோட்டில் இரண்டு தலைப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, என்ன தீ, எப்படிப் பிடித்தது, யார் இறந்தார்கள். மற்றது, கல்லை யார் கேட்டார்கள், பணம் எங்கிருந்து வந்தது, முதலில் எங்கே நின்றது, எப்போது இடம் மாறியது, பெயர்கள் ஒரே தடவையில் வெட்டப்பட்டவையா. பலரும் முதல் தலைப்பின் கீழ் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, இரண்டாவதை ‘பின்னர் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது’ என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தீயைப் பற்றி ஏற்கெனவே நூறு பேர் எழுதியிருப்பார்கள். கல்லைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டால் யாரும் எழுதப்போவதில்லை.

ஒரு சின்னத்துக்குப் பல தேதிகள் இருக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ரிவர்சைடு டிரைவில் உள்ள தீயணைப்பு வீரர் நினைவுச் சின்னத்துக்கான யோசனை, 1908-ல் பணியில் இறந்த ஓர் அதிகாரியின் இறுதிச் சடங்கில் பிறந்தது. திறப்பு விழா 1913 செப்டம்பர் 5. தீயணைப்பு வண்டி இழுத்த குதிரைகளுக்கான பலகை 1927-ல்தான் சேர்ந்தது. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே நிற்கும் வெண்கலச் சிலை 1991-ல் திறக்கப்பட்டபோது, இரண்டாம் உலகப் போரில் இறந்த 1,027 பேரின் பெயர்கள் மட்டுமே இருந்தன. 2003-ல் பீடத்தை உயர்த்தி, அமைதிக் காலத்தில் பணியில் இறந்த 1,192 பேரைச் சேர்த்தார்கள். இப்போது போய்ப் பார்ப்பவர் எல்லாப் பெயர்களும் 1991-ல் வெட்டியவை என்றே நினைப்பார். உங்கள் ஊர்த் தூணிலும் எழுத்தின் அளவோ, வெட்டின் ஆழமோ, கல்லின் நிறமோ பாதியில் மாறினால், அங்கே இரண்டாவது தேதி ஒன்று ஒளிந்திருக்கிறது.

கல்லைப் படிப்பது

நிலைய அலுவலரிடம் முதலில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அது வேலை நடக்கும் இடம். மணி அடித்தால் வண்டி வெளியே பாயும் வழியில் ஸ்டாண்டு போட்டுப் படம் எடுக்கக் கூடாது. ஏப்ரல் 14 அன்று போவதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் அது அரசு விடுமுறை. மரியாதை செலுத்தும் நிகழ்ச்சி நடக்கும், ஆனால் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகப் பணியாளர் இருக்கமாட்டார். நிகழ்ச்சியைப் பார்க்க ஒரு நாள், ஆவணத்துக்கு வேறொரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: 5 மீட்டர் டேப், கோடு போட்ட நோட்டு, பென்சில், மென்மையான பெயின்ட் பிரஷ், வெறும் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில், நல்ல டார்ச், படத்தில் அளவு காட்ட ஓர் அடிக்கோல். முதலில் நான்கு பக்கமும் முழு உயரப் படம். பிறகு ஒவ்வொரு முகமும் நேர் எதிரே நின்று ஒரு படம். அதன்பின் எழுத்துள்ள பகுதியை மேலிருந்து கீழாக, முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வருமாறு நெருங்கி எடுங்கள். பீடத்தின் அடியையும் பின்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். திறந்துவைத்தவர் பெயரும் ஸ்தபதி பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், பூந்தொட்டிக்குப் பின்னால்.

தேய்ந்த எழுத்துக்கு நேர் வெளிச்சம் உதவாது. கிழக்கு முகத்தை முற்பகல் 11 மணியளவிலும் மேற்கு முகத்தைப் பிற்பகல் 1 மணியளவிலும் படம் எடுத்தால், கல்லை உரசினாற்போல் மேலிருந்து விழும் வெயிலில் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து தெரியும். வடக்கு முகத்தில் வெயில் ஒழுங்காக விழாது. ஒருவர் அட்டையால் வெளிச்சத்தை மறைக்க, மற்றவர் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கருங்கல்லில் லேசாகத் தண்ணீர் தெளித்தாலும் எழுத்து எடுத்துக்காட்டும்.

சுண்ணாம்புக் கட்டி, விபூதி, கோதுமை மாவு எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். நுண்துளைகளில் புகுந்து மழையில் கறையாக நிற்கும். தேங்காய் எண்ணெய் கல்லில் ஊறி அழுக்கைப் பிடித்துவைக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட் சலவைக்கல்லை அரித்தே விடும். பித்தளைப் பலகையைப் புளி போட்டுத் துலக்குவது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். வருஷா வருஷம் துலக்கத் துலக்க எழுத்துக்குள் நிரப்பிய கறுப்புப் போய், விளிம்பும் மழுங்கி, கடைசியில் வெறும் பளபளப்புதான் மிஞ்சும். கம்பி பிரஷ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எழுதிக்கொள்ளும்போது வரிக்கு வரி, கல்லில் உள்ள எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதுங்கள். ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், அழிந்த எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். கல்வெட்டு படிப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை இதுதான். இங்கே பெரிய எதிரி பெயின்ட். ஆண்டுதோறும் எனாமல் பூசுகிறவர் எழுத்து தெரியாத இடத்தில் தாமாகவே ஊகித்து வரைந்துவிடுவார். 3 என்பது 8 ஆகும், 1 என்பது 7 ஆகும். வெட்டு ஒன்று சொல்ல, பெயின்ட் வேறொன்று சொன்னால், வெட்டை நம்புங்கள். இரண்டையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

சம்பவத்தை நேர வரிசையில் அடுக்குவது

மும்பையை வைத்தே பார்க்கலாம். ஃபோர்ட் ஸ்டிகைன் 1942-ல் கனடாவில் கட்டிய கப்பல். 1944 பிப்ரவரி 24-ல் இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டிலிருந்து கிளம்பி, கராச்சி வழியாக ஏப்ரல் 12-ல் பம்பாய் வந்து விக்டோரியா டாக்கில் கட்டப்பட்டது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் அதோடு 8,700 பருத்திப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும், மரமும் ஏற்றியிருந்தார்கள். 14-ஆம் தேதி பிற்பகல் 2 மணியளவில் இரண்டாம் எண் சரக்கறையில் புகை தெரிந்தது. தீயணைப்பு வண்டிகளும் துறைமுகத் தீயணைப்புப் படகுகளும் 900 டன்னுக்கு மேல் தண்ணீரை உள்ளே இறைத்தும், அடர்ந்த புகையில் தீயின் மூலம் எங்கே என்று பிடிபடவில்லை. 3.50-க்குக் கப்பலை விட்டு இறங்க உத்தரவு. 4.06-க்கு முதல் வெடிப்பு. சுமார் அரை மணி நேரத்தில் இரண்டாவது.

அடுக்கும்போது ‘ஏன்’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இறுக்கிக் கட்டிய பருத்திப் பொதி கொழுந்துவிட்டு எரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும். மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது. வீரர்கள் தளத்திலும் கப்பலை ஒட்டிய துறைமேடையிலும் ஹோஸ் பிடித்து நின்றதற்கும், வெடிப்பில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் மாண்டதற்கும் காரணம் இது. இதை விளக்காமல் ‘உயிரைப் பொருட்படுத்தாது போராடினர்’ என்று எழுதினால் அந்த வரியை எந்த ஊர்க் கல்லுக்கும் ஒட்டிவிடலாம்.

நேரங்களில் கவனம் தேவை. பம்பாயில் 1955 வரை ‘பம்பாய் நேரம்’ என்று தனியாக ஒன்று புழங்கியது. போர்க்காலத்தில் இந்திய நேரமே ஒரு மணி முன்தள்ளப்பட்டிருந்தது. இரண்டு ஆவணங்களில் மணி ஒத்துவராவிட்டால் ஒன்று பொய் என்று முடிவுகட்டுமுன், எந்தக் கடிகாரம் என்று பாருங்கள். வெடிப்பின் அதிர்வு 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவில் நிலநடுக்கமானியில் பதிவானது. உங்கள் ஊர்ச் சம்பவத்துக்கும் அப்படி மனித நினைவைச் சாராத சான்று ஒன்று கிடைக்குமா என்று தேடுங்கள்: மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த நேரம், ரயில் நிறுத்தப்பட்ட நேரம், மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவு.

செய்தித்தாளைத் தேடுவோர் மறுநாள் இதழைப் புரட்டிவிட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பிவிடுவார்கள். மும்பை விஷயத்தில் அது பெரிய ஏமாற்றம் தரும். போர்க்காலத் தணிக்கையால், நிருபர்கள் செய்தி அனுப்ப 1944 மே இரண்டாம் வாரத்தில்தான் அனுமதி கிடைத்தது. ஜப்பானியர் கையிலிருந்த சைகோன் வானொலி மட்டும் ஏப்ரல் 15-லேயே விவரமாகச் சொல்லிவிட்டது. எனவே சுதேசமித்திரன், தினமணி போன்ற அந்தக் காலத் தாள்களில் தேடுவோர் ஏப்ரலோடு நிறுத்தாமல் மே மாதம் முழுவதையும், பிறகு விசாரணை நடந்த மாதங்களையும் பார்க்க வேண்டும். இதழ் இருப்பு பற்றிச் சென்னையில் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

இறுதியாக, தங்கம். கப்பலில் 31 பெட்டிகளில் 124 தங்கப் பாளங்கள் இருந்தன. வெடிப்பில் சிதறியவை பல ஆண்டுகள் கழித்தும் தூர்வாரும்போது கிடைத்தன. சுவையான கதைதான். ஆனால் நினைவுச் சின்னத்தின் வரலாற்றில் அதற்கு ஒரு பத்திக்கு மேல் இடம் கொடுத்தால், வாசகருக்குப் பாளங்களின் எண்ணிக்கை நினைவிருக்கும், இறந்தவர்களின் எண்ணிக்கை மறந்துபோகும்.

பெயர்களும் எண்ணிக்கையும்

மும்பையில் பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 66 தீயணைப்பு வீரர்கள். துறைமுகப் பணிகளைச் சேர்ந்தவர்களில் இறந்தோர் 231 பேர். அந்த 66 இந்த 231-க்குள் அடக்கம். இரண்டையும் கூட்டி 297 என்று போடுவது தவறு. நகரில் மொத்தச் சாவு 800 முதல் 1,300 வரை பலவாறு சொல்லப்படுகிறது. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் எண்களைத் தனித்தனியாக எழுதி, எது எதற்குள் அடங்கும் என்று காட்ட வேண்டும். கல்லில் உள்ள பெயர்களை நீங்களே விரலால் எண்ணுங்கள். எண்ணிக்கை வேறாக வந்தால் உடனே பிழை என்று முடிவுகட்ட வேண்டாம். சம்பவ இடத்தில் இறந்தவர்களை மட்டும் ஒரு பட்டியல் சேர்த்திருக்கும். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தவரையும் மற்றொன்று சேர்த்திருக்கும். டிரைவர், பம்ப் இயக்குபவர், தன்னார்வலர் இவர்களை ஒரு பட்டியல் ‘வீரர்’ என்று கொள்ளும், மற்றொன்று கொள்ளாது.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கி இந்தக் கட்டங்களைப் போடுங்கள்: கல்லில் உள்ள பெயர், துறைப் பதிவில் உள்ள பெயர், பதவி, நிலையம், சம்பவத் தேதி, இறந்த தேதி, தகவல் வந்த இடம். சம்பவத் தேதிக்கும் இறந்த தேதிக்கும் தனித்தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும். இரவு 11 மணிக்கு அழைப்பு வந்து அதிகாலை 3 மணிக்குச் சுவர் சரிந்தால் தேதி மாறிவிடுகிறது. ஊரார் ‘தீபாவளி அன்று’, ‘தேர் இழுத்த மறுநாள்’ என்றுதான் சொல்வார்கள். 2020 தீபாவளி அதிகாலையில் மதுரையில் தீப்பிடித்த ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து 2 வீரர்கள் இறந்ததையும் பலர் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. பண்டிகை ஆண்டுதோறும் தேதி மாறுவதால், பழைய பஞ்சாங்கத்தையோ நாள்காட்டியையோ வைத்து ஆங்கிலத் தேதியாக மாற்றி, இரண்டையும் எழுதுங்கள்.

பெயரை அகர வரிசையில் அடுக்கும்போது மராட்டியப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. மராட்டிய வழக்கில் சொந்தப் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசை. நம்மில் முன்னெழுத்து தந்தை பெயராகவோ ஊர்ப் பெயராகவோ இருக்கும். கல்லில் முன்னெழுத்து மட்டும் இருந்தால், அதன் விரிவைத் துறைப் பதிவில் பார்த்து உறுதி செய்யும்வரை விரிக்காதீர்கள்.

ஆவணம் கேட்பது

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதி முயற்சிகள் வீணாகின்றன. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் ஒரு பிரிவு. 1888-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாநகராட்சியின் கடமையாக வைத்தது. அங்கே சின்னத்துக்கான செலவையும் இடத்தையும் மாநகராட்சித் தீர்மானங்களில் தேட வேண்டும். தமிழ்நாட்டில் தீயணைப்பு மீட்புப் பணிகள் மாநில அரசுத் துறை. இங்கே இயக்குநரகக் கோப்பு, மாவட்ட அலுவலகக் கோப்பு, கல் பொது இடத்தில் நின்றால் நகராட்சித் தீர்மானம் என்று மூன்று இடம் உண்டு. பழைய அரசாணைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பம்பாய் மாகாணத்துக்கு மும்பை எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள மகாராஷ்டிர ஆவணக் காப்பகம். தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் பட்டியலை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். அங்கே ‘மும்பை’ என்று தேடாமல் ‘பம்பாய்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியே அனுப்பலாம். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மகாராஷ்டிரத்துக்கு மனுப் போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்குள்ள விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். ‘நினைவுச் சின்னம் பற்றிய முழு வரலாறு தருக’ என்று எந்த மாநிலத்தில் கேட்டாலும் ‘அப்படி ஆவணம் இல்லை’ என்ற பதிலே வரும், அது சட்டப்படி சரியும்கூட. இருக்கும் காகிதத்தின் நகலைக் கேளுங்கள்:

1. நிலைய வளாகத்தில் உள்ள நினைவுத்தூண் அமைக்க ஒப்புதல் அளித்த ஆணை அல்லது கடிதத்தின் நகல்.
2. கட்டுமானச் செலவு, நன்கொடை வரவு பற்றிய பக்கங்களின் நகல்.
3. பெயர்ப் பட்டியலை இறுதி செய்த குறிப்பின் நகல்.
4. குறிப்பிட்ட தேதியில் அழைப்பு வந்த நேரமும் வண்டி புறப்பட்ட நேரமும் எழுதிய பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.

20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளுக்குச் சட்டத்தின் பெரும்பாலான விலக்குகள் பொருந்தா என்பதை மனுவில் குறிப்பிட்டால் பயன் உண்டு. பழைய பதிவேடுகள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருந்தால், அழித்ததற்கான உத்தரவின் நகலைக் கேளுங்கள். அதுவும் ஒரு சான்றுதான். சில சமயம் அந்த மனு போன பிறகே பதிவேடு அலமாரியிலிருந்து வெளியே வரும்.

குடும்பத்தாரிடம் போகும்போது

நேரே கதவைத் தட்டாதீர்கள். நிலையத்திலோ ஓய்வுபெற்றோர் சங்கத்திலோ சொல்லி, அவர்கள் மூலம் சம்மதம் பெற்றுப் போங்கள். ‘அவர் எப்படி இறந்தார்?’ என்று தொடங்க வேண்டாம். எந்த நிலையத்தில் வேலை, வீட்டில் என்ன பொருள் வைத்திருக்கிறார்கள், கல் திறப்புக்கு யாராவது அழைத்தார்களா, அழைப்பிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். திறப்பு விழா அழைப்பிதழ் ஒன்று கிடைத்தால் தேதி, இடம், தலைமை, நன்கொடையாளர் எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். காகிதங்களை அங்கேயே படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ‘நாளை தருகிறேன்’ என்று வாங்கிப் போகக் கூடாது. இழப்பீட்டுத் தொகை, வாரிசுத் தகராறு, முகவரி இவை உங்கள் கட்டுரைக்குத் தேவையில்லை.

எழுதி வைப்பது

கட்டுரையின் முதல் பக்கத்தில் கல்லின் விவரம் வரட்டும்: எங்கே நிற்கிறது, என்ன கல், உயரம், அகலம், எத்தனை பெயர், திறந்த தேதி. அதன்பின் தீ, அதன்பின் கல் வந்த வழி, இறுதியில் பெயர்ப் பட்டியல். இரண்டு சான்று உள்ளவற்றை நேராக எழுதுங்கள். ஒரே சான்று உள்ளதை ‘இன்ன ஆவணப்படி’ என்று சொல்லி எழுதுங்கள். வாய்மொழி மட்டும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சம்பவ இடம் இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஃபோர்ட் ஸ்டிகைன் நின்ற விக்டோரியா டாக் இன்றைக்குத் தண்ணீராகவே இல்லை; கன்டெய்னர் வேலைக்காகத் தூர்த்துவிட்டார்கள். பழைய வரைபடத்தோடு போகிறவர் தேடித் திண்டாடுவார்.

கல்லுக்குப் பக்கத்தில் விளக்கப் பலகை வைக்க நிலையம் ஒப்புக்கொண்டால், 200 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். கருங்கல் பலகையில் வெட்டுவதானால் வெட்டுமுன் காகிதத்தில் முழு அளவில் அச்சடித்து, பெயர்களைக் குடும்பத்தார் ஒருவரும் நிலையத்தார் ஒருவரும் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். கல்லில் ஒற்று மிகுந்தால் எடுக்க முடியாது.

முழுத் தொகுப்பையும் மூன்று பிரதி எடுங்கள்: நிலையத்துக்கு ஒன்று, மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று, குடும்பத்தார் கேட்டால் அவர்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தொகுத்த மாதம், ஆண்டு, திருத்தம் அனுப்ப வேண்டிய பொது முகவரி இருக்கட்டும். நிலையப் பிரதியை ஒரு தனிநபரின் மேசையில் வைக்காமல், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஓர் உருப்படியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போதுதான் அலுவலர் மாறும்போது கோப்பும் கைமாறும்.